நாலு நிமிஷம் நகர்ந்த புள்ளி

— இரு தம்பி, ஒண்ணுங் கேக்கல. தறிய நிப்பாட்டிக்கிடுதேன்... ம், இப்பச் சொல்லு. மாரிச்செல்வியா ஒன்ன அனுப்புனா?

— ஆமாம் ரத்தினம் மாமா. நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு லீவுல வந்திருக்கேன்னு தெரிஞ்சுண்டு ஃபோன் பண்ணினா. 'ராஜபாளையத்துக்கு ஒரு எட்டு போய்ட்டு வாங்க, என் வீட்டுக்காரரோட ஏர்ஃபோர்ஸ்ல இருந்த நீங்க சொன்னாத்தான் என் மாமனார் கேப்பார்'னா.

— என்ன சொல்லணுமாம்?

— சூர்யபிரகாஷ் இனிமே வரமாட்டான்னு.

— உக்காரு. அந்த நூல் மூட்டை மேலயே உக்காரு, அழுக்காவாது.

— மூணு வருஷம் ஆச்சு மாமா. உங்க பிள்ளைக்குக் கருமாதி பண்ணலே. இறப்புச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்கறேள். அவளுக்கு இருபத்தொம்பது வயசுதான். பொட்டு வெச்சுக்கறதா, எடுக்கறதான்னுகூடத் தெரியாம நிக்கறா.

— பொட்ட எவன் எடுக்கச் சொன்னான்? நான் ஒண்ணுஞ் சொல்லலையே.

— நீங்க ஒண்ணும் சொல்லாததுதான் மாமா அவளுக்குக் கஷ்டம்.

— சரி, அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கேன். நீ பறக்குத பிளேனு முதுகுல பெரிய தட்டு இருக்கும்பாகளே, அது எம்புட்டுத் தூரம் பாக்கும்?

— அந்த ராடார் தட்டா? நானூறு கிலோமீட்டர்.

— இங்கன இருந்து விழுப்புரம் தாண்டி. அம்புட்டும் தெரியுமாக்கும்! எம்மவன் போன பிளேனுக்கு?

— அதுக்குத் தட்டே கிடையாது மாமா. ரெண்டும் ஒரே மாடல், ஒரே உடம்பு. பைலட்டுகள் ஓட்டிப் பழகறதுக்காக வெச்சிருந்த விமானம் அது. சாமான் ஏத்தவும் ஆள் ஏத்தவும் அதைத்தான் அனுப்புவா. ராடார் இல்லேங்கறதாலே நாங்க அதைக் 'குருடன்'னு கூப்பிடுவோம்.

— அவனும் அப்படித்தான் சொல்லுவான். 'இன்னைக்குக் குருடன்ல போறேம்ப்பா'ம்பான். அன்னைக்கும் சொன்னான். தீவுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கொண்டு போறோம், மழை மேகமாக் கெடக்குன்னான். தம்பி, நீ பேச வந்தது இது இல்ல. ஒம் மூஞ்சி சொல்லுது.

— மாரிச்செல்வி கேட்டதுக்காக மட்டும் நான் வரலே. இதை அவகிட்டயும் சொன்னதில்லே, எங்க ஆத்துலயும் சொன்னதில்லே.

— சொல்லு.

— அன்னிக்கு ராடார் விமானத்துல, ஸ்கிரீன் முன்னாடி நான்தான் இருந்தேன். வேற ஒரு பயிற்சிக்காகப் பறந்துண்டிருந்தோம். குருடன் என் ஸ்கிரீன்ல ஒரு புள்ளியாப் போயிண்டிருந்தான். மேகத்துக்குள்ள நுழைஞ்சப்புறமும் புள்ளி நகர்ந்தது. நேரா, அதே வேகத்துல. சரி, போறான்னு நான் வேற பக்கம் பாத்துட்டேன்.

— ம்.

— அது நிஜப் புள்ளி இல்லே மாமா. விமானம் ராடாருக்குத் தட்டுப்படலேன்னா, எங்கே இருக்கும்னு மெஷினே ஊகிச்சுக் கொஞ்ச நேரம் புள்ளியை நகர்த்திண்டு போகும். நிறம் மட்டும் மங்கிடும். நான் அதைக் கவனிக்கலே. நாலு நிமிஷம். கடைசியாப் புள்ளி எங்கே நின்னதோ அந்த இடத்தைத்தான் சொன்னேன். கப்பலெல்லாம் அங்கே போச்சு. விழுந்த இடம் அம்பது கிலோமீட்டர் பின்னாடி.

— தண்ணி குடிக்கியா?

— வேண்டாம். சரியான இடத்துக்கு ரெண்டாம் நாள்தான் போனா. எண்ணெய் மட்டும் மிதந்தது. அதுவரைக்கும் அவன் தண்ணியில உயிரோட இருந்தானா, இல்லையா? எனக்குத் தெரியாது. இனிமே தெரியவும் போறதில்லே. நீங்க என்னை அடிச்சுடுங்கோ மாமா.

— நாலு நிமிசம் பதினோரு செகண்டு.

— என்னது?

— விசாரணைத் தாள்ல அப்படித்தான் இருக்கு. இங்கிலீசு. மில்லு ஆபீசுல இருளப்பசாமின்னு ஒருத்தரு, அவருகிட்டக் குடுத்து வாசிக்கச் சொன்னேன். அது ஆச்சு ரெண்டரை வருசம். ஆபரேட்டருன்னு மட்டும் போட்டிருந்துச்சு, பேரு இல்ல. எனக்குப் பேரு எதுக்கு? பிளேனு ஏறுமுன்ன எம்மவனே ஃபோன்ல சொன்னானே, 'இன்னைக்கு மேல நம்ம ஹயக்ரீவன்தாம்ப்பா, அவன் பாத்துக்கிடுவான்'னு.

— தெரிஞ்சா... தெரிஞ்சுண்டா தீபாவளிக்குத் தீபாவளி ஃபோன் பண்ணி 'எப்பப்பா லீவு, வீட்டுக்கு வா'ன்னேள்?

— நீயும் வாரேன் வாரேன்னுதான் சொன்னே.

— ரெண்டு தரம் வந்தேன் மாமா. பஸ் ஸ்டாண்டுல இறங்கி, அடுத்த பஸ்லயே திரும்பிட்டேன்.

— அழுதியால? அழு. எல்லாரும் சாப்பிடப் போயிருக்காக, செத்த நேரம் ஒருத்தரும் வரமாட்டாக.

— ஏன் மாமா ஒரு வார்த்தை கேக்கலே? 'எம்பிள்ளையை நீதானேடா பாத்துண்டிருந்தே'ன்னு ஒரே ஒரு வார்த்தை?

— கேட்டுட்டா நீ என்ன பண்ணிக்கிடுவியோன்னு இருந்துச்சு. நீயா வரட்டும்னு விட்டேன். மாரிச்செல்விக்கு நான் செஞ்சது பாவந்தான், அவ கால்ல விழுந்தாலும் தகும். கையெழுத்த இன்னைக்கே போட்டுருதேன். வார புதங்கிழமை கருமாதி. நீ கூட நிக்கணும்.

— நானா? எந்த மூஞ்சியோட மாமா நான் அங்கே நிப்பேன்? வருவான், வருவான்னு மூணு வருஷம் காத்துண்டிருந்த உங்க முன்னாடி...

— ஏலே, அவன் வரமாட்டான்னு அந்த வாரமே எனக்குத் தெரியும். எம்மவன் போன போக்கக் கடைசியாப் பாத்த கண்ணு இந்த ஒலகத்துல ஒன்னோடது ஒண்ணுதான். நான் கருமாதிய நிப்பாட்டி வச்சிருந்தது அவன் வருவான்னு இல்ல. நீ வருவேன்னு.