வாசலைவிட அகலமான மேசை

அடமானக் கடன் வழக்கில் பதிவான சமரசத்தை ரத்து செய்யக் கோரும் மனுதாரர், நீதிமன்ற அலுவலர் முன்னிலையில் சொல்லச் சொல்ல எழுதியது.

என் பெயரும் கதவு எண்ணும் மனுவில் உள்ளபடி. வயது ஐம்பத்து மூன்று. தொழில் தையல். பொத்தானுக்குக் காஜா எடுப்பதால் காஜாக்கா என்றால்தான் தெருவில் தெரியும். தையற்காரரான என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

எங்கள் வீட்டின் முன் அறைதான் கடை. பின்னால் இரண்டு அறையும் சமையலறையும் உண்டு. புது மெஷின்கள் வாங்க என் கணவர் வீட்டை வங்கியில் அடமானம் வைத்தார். அவர் போன பிறகு என்னால் தவணை கட்ட முடியாமல் வங்கி வழக்குப் போட்டது. அதன் பிறகு, வீட்டில் ஒரு பகுதியை வங்கிக்கு விட்டு மறு பகுதியை நான் வைத்துக்கொள்வது என்று பேச்சு முடிந்து, பின்பகுதியை விட்டுவிடுகிறேன், முன் அறை போதும் என்று என் வக்கீலிடம் சொன்னேன். அதன் பிறகு அவர் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் குறி போட்டிருந்தார். குறி இருந்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. படிக்கத் தெரியாதவள் அல்ல. இருபத்தெட்டு வருடம் என் கணவர் சாக்பீஸால் குறி போட, ஏன் எதற்கு என்று கேட்காமல் வெட்டியவள். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு நீதிபதி, படித்துப் பார்த்துச் சம்மதித்தீர்களா என்று கேட்டதற்கு ஆம் என்றேன். அது பொய். அதற்கு உள்ள தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன்.

வங்கி ஆட்கள் முன் அறையை அளக்க வந்தபோதுதான், முன் அறை வங்கிக்கு, பின்பகுதி எனக்கு என்று ஒப்பந்தம் தலைகீழாக இருப்பது தெரிந்தது. உடனே வக்கீலிடம் போனேன். அவர் மறைக்கவில்லை. "சமையலறைய விட்டுட்டு யாராவது கடைய வச்சுக்குவாங்களாம்மா? பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சு நான்தான் திருத்தினேன். உங்க நல்லதுக்குத்தான்" என்றார். நல்லவர்தான். என் நல்லதை என்னிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

புத்தியுள்ள யாரும் முன் அறையைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று வங்கித் தரப்பு சொல்வதால் காரணத்தையும் சொல்கிறேன். முன் அறையில் உள்ள வெட்டு மேசையை என் கணவர் பலகை வாங்கி அங்கேயே வைத்துச் செய்தார். முடித்த பிறகுதான் அது வாசலைவிட அகலம் என்று பார்த்தார். ஊருக்கெல்லாம் அளவெடுத்தவர். நான் சிரித்ததற்கு, "அது எங்க போகப்போகுது, நாம எங்க போகப்போறோம்" என்றார். அறுத்தால்தான் மேசை வெளியே வரும். அவர் முழங்கை ஊன்றிய இடம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. மத்தியானங்களில் அங்கே என் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடுப்பை எந்த மூலையிலும் வைத்துக்கொள்ளலாம். அவர் பக்கத்தில் இருப்பதுபோல் எனக்கு வேறு எந்த அறையிலும் தோன்றுவதில்லை.

அந்த மேசை மேல் ஒரு நீலத் துணி விரித்தபடியே கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலை, எனக்குத் தைக்கவென்று அவர் குறி போட்டது. அசைத்தால் சாக்பீஸ் பொடி உதிர்ந்துவிடும். குறி கண்ட இடத்தில் எல்லாம் வெட்டிப் பழகிய நான் அதை மட்டும் இன்னும் வெட்டவில்லை.

ஆகவே பின்பகுதியை வங்கி எடுத்துக்கொண்டு முன் அறையை எனக்கு விடும்படி கேட்கிறேன்.

மேலே உள்ளதை இந்த முறை நானே வரி வரியாகப் படித்தேன். எல்லாம் உண்மை. இந்தத் தாளில் யாரும் எனக்குக் குறி போட்டுத் தரவில்லை. இடத்தை நானே பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
மனுதாரர்