ராத்திரி டூட்டிப் பொண்ணு

“ஹலோ... ஹலோ, சேத்தியாத்தோப்பா? கொளஞ்சியப்பன் ஐயாங்களா?... நான் விருத்தாசலத்துலேர்ந்து கோவிந்தராசு பேசறேங்க. பீங்கான் கம்பெனி மேனேஜரு... ஆமாங்க, ஆமாங்க. உங்க பையனுக்குப் பாத்திருக்கற பொண்ணப் பத்தி விசாரிச்சு ஆள் அனுப்பியிருந்தீங்களே... கேக்குதுங்க, சொல்லுங்க.”

கோவிந்தராசு எட்டிக் கதவைச் சாத்தினார். வெளியே பெண்கள் ஈரக் கோப்பைகளைப் பலகையோடு தலையில் சுமந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர் தெருவில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், குணம் எப்படி என்று இவரை ஒரு வார்த்தை கேட்காமல் யாரும் வெற்றிலை பாக்கு மாற்றுவதில்லை. அதில் மனுஷருக்குத் தலைக்கனமும் உண்டு.

“பெரியநாயகி எங்க பக்கத்து வூட்டுப் பொண்ணுதாங்க... லட்சணத்துக்கு என்னாங்க கொறச்சல்... வேலையா? டெலிபோன் ஆபீசுல. அதத்தான் சொல்ல வந்தேன். ராத்திரி டூட்டிங்க. காதுல மாட்டிக்கிட்டு ஊரு ஆம்பளைங்களோடல்லாம் பேச்சு... இல்லிங்க, நான் எதயும் கண்ணால பாக்கல. ஆனா விடியக்காலம் தனியா வூடு திரும்பற பொண்ண நாலு பேரு என்னா நெனைப்பாங்க...”

சொல்லும்போதே உள்ளே உறுத்தியது. வாய்தான் நிற்கவில்லை.

“எங்க கம்பெனியிலயா?... பொம்பளைங்க இருக்காங்கதான். அது கூலி வேலைங்க, அது வேற... சாயந்திரம் பொண்ணு பாக்க வரதா இருந்தீங்களா?... அது உங்க இஷ்டங்க. நல்ல குடும்பமாச்சேன்னு மனசு கேக்காம... யாரு? எக்ஸ்சேஞ்சா?... ட்ரங்க் காலுக்கு மூணு நிமிஷம் ஆயிடுச்சா? நீட்டிச்சுக் குடுங்... பெரியநாயகியா?”

முதலில் லைன் போட்டுக் கொடுத்தது ஓர் ஆண் குரல். பகலில் அவள் இருக்கமாட்டாள் என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் பேசினார்.

“உனக்கு ராத்திரி டூட்டி இல்லியாம்மா?... மாத்திக்கிட்டியா... சாயந்திரம் அவங்க வராங்கன்னு... ம்... எப்பலேர்ந்து லைன்ல இருக்க?... மொதல்லேர்ந்தா... லைன் போட்டவரு ஒடனே எழுந்து போயிட்டாரா... ஆமா, ஆமா, நீட்டிச்சுக் குடும்மா.”

தூக்கி வளர்த்த பெண். அவள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோமே. யோசித்தால் தைரியம் போய்விடும் என்று படபடவென்று பேசினார்.

“ஐயா, நான் சொன்னது அத்தனயும் தப்புங்க. அந்தப் பொண்ணு தங்கம். எம் பொண்ணு கனகாவும் அவளும் ஒண்ணாத்தான் அந்த வேலைக்குப் பரீச்சை எழுதினாங்க. ரெண்டு பேருக்கும் கெடச்சிது. நல்ல வூட்டுப் பொண்ணு அங்கல்லாம் போவாது, போனா எவன் கட்டுவான்னு நாந்தான் எம் பொண்ணத் தடுத்துட்டேன். சோறு தின்னாம அழுதா. இப்ப வேலைக்குப் போனவளுக்கே நல்ல எடம் வந்துட்டா, எம் பொண்ணு மூஞ்சியில நான் எப்பிடிங்க முழிப்பேன்? அதுக்காவத்தான் இப்பிடிப் பேசிட்டேன்... ஐயா?... ஹலோ... ஹலோ...”

எதிர்முனையில் பெரியநாயகியின் குரல்தான் வந்தது.

“...வச்சிட்டாரா? எப்ப?... நான் தப்புன்னு சொல்றதுக்கு முன்னாடியேவா?... அப்ப இதெல்லாம் நீ மட்டுந்தான் கேட்டியா?”

மேஜையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“திரும்பப் போட்டுக் குடு தாயி, அவரு காலுல வுழுந்தாவது சொல்றேன்... ஏன்?... வேணாங்கறியா... சாருன்னு சொல்லாதம்மா, எப்பவும்போல மாமான்னு கூப்புடு... ம்... ம்... கனகாவா? வூட்லதான் இருக்கா... உனக்குத் தலை பின்னி வுட வரேன்னாளா?... தெரியாது, எங்கிட்ட சொல்லல... என்னா?... அவங்க வரலன்னா கனகாகிட்ட என்னா காரணம் சொல்றதுன்னா கேக்கற?”

கோவிந்தராசு எட்டி, சாத்தியிருந்த கதவைத் திறந்தார்.

“...நீ ஒண்ணும் சொல்லாத. நானே சொல்லிடறேன்... இப்பவே வூட்டுக்குப் போறேம்மா... நெசமாத்தான்... சத்தியமா... பெரியநாயகி?... ஹலோ...”

அவள் லைனைத் துண்டித்துவிட்டிருந்தாள்.