அட்டை சீசன் முடியும்வரை

தூண்டிலுக்கு இரையாகும் உயிருள்ள அட்டைப்பூச்சி ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை. தூண்டில் போடுகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. மண்புழுவைப் போலக் கேட்டவுடன் அள்ளித் தர வேண்டும் என்று கடைக்கு வந்து நிற்பார்கள். குளிர் விலகித் தண்ணீர் சற்றே வெதுவெதுப்பாகும்போதுதான் அது சேற்றை விட்டு மேலே வரும். வெயில் முற்றியதும் முட்டையிடும், முட்டையிட்டதும் சாகும். இடையில் இருக்கும் சில வாரங்கள்தான் அதன் பருவம். அந்தச் சில வாரங்களில் பிடித்ததை வைத்துத்தான் ஒரு தூண்டில் கடை எஞ்சிய மாதங்களை ஓட்ட வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களே, உங்களை நான் சாட்சிக்கு அழைக்கிறேன். நீதிமன்றம் தனக்கு வேண்டிய சாட்சிகளைத் தானே தேர்ந்துகொள்ளும். என் சாட்சிகளாக நான் உங்களைத் தேர்ந்திருக்கிறேன்: உழைக்கிறவர்களை, உழைக்கப் போனவர் வீடு திரும்பும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை. ஓர் அநீதி நடந்தது. அது நடந்த அறை எதற்காகக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

அட்டையைக் குளிரில் வைத்தால் அது ஏமாறும். இன்னும் காலம் வரவில்லை என்று எண்ணிச் சுருண்டு கிடக்கும். முட்டையிடாது, ஆகவே சாகாது. எங்கள் முதலாளி கடையின் பின்கட்டில் குளிரறை கட்டியது இதற்காகத்தான். ஆள் உயரத் தட்டுகள், தட்டுகளில் தொட்டிகள், தொட்டிகளில் கறுத்த தண்ணீர். சுவர் இரண்டு சாண் கனம். கதவும் ஏறக்குறைய அப்படியே. உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது, கதவில் காதை ஒட்டி வைத்தால் ஒழிய. தண்ணீரில் விழுந்துவிடும் என்பதால் கைப்பேசியை வெளியே தொங்கும் பையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். அன்றாடம் தண்ணீர் மாற்ற வேண்டும், செத்ததைப் பொறுக்க வேண்டும். விட்டால் செத்த ஒன்று தொட்டியையே கெடுத்துவிடும்.

அந்த வேலை என் தங்கையுடையது. கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, "மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வரேன், வெந்நீர் போட்டு வைங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு உள்ளே போவாள். நான் முன்கட்டில், அட்டைகளைப் பெரிது, நடுத்தரம், பொடி என்று தரம் பிரிக்கும் மேசையில் மற்றப் பெண்களோடு இருந்தேன். மாலைகளில் தொழிலாளர் கூட்டங்களில் பேசினேன். எனக்கு நல்ல குரல் என்பார்கள்.

பருவத்தின் நடுவில் குளிரறைக் கதவின் உள்கைப்பிடி உடைந்து தங்கையின் கையோடு வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு அவள் முதலாளியிடம் போனாள்.

"மொதலாளி, இது கையோட வந்துடுச்சு. உள்ள இருந்து கதவைத் திறக்க முடியல."

"அதை மாட்டணும்னா கதவைக் கழட்டணும். கதவைக் கழட்டினா குளிர் போயிடும். குளிர் போனா மொத்தச் சரக்கும் முட்டை போட்டுச் செத்துடும். சீசன் முடியட்டும்மா."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"ஸ்டூலை முட்டுக் குடுத்துட்டுப் போ. ரொம்ப நேரம் திறந்து போடாத. உள்ள என்ன குடித்தனமா நடத்தப் போற?"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். எதைக் கேட்டாலும் சீசன் முடியட்டும் என்பதால் அவருக்குச் சீசன்காரர் என்றே எங்களுக்குள் பெயர். அன்று நானும் அங்கே நின்றதாகவும், "கடையை மூடினா எல்லாருக்கும் கூலி போகும், கொஞ்சம் பொறுத்துக்கோடி" என்று அவளிடம் சொன்னது நான்தான் என்றும் மேசைப் பெண்கள் இப்போது வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அப்படி நினைவில்லை. பலர் கூடுகிற இடத்தில் யார் எதைச் சொன்னார்கள் என்று பிரித்தறிவது கடினம்.

வார விடுமுறைக்கு முந்தைய பிற்பகல் நான் பக்கத்து நகரத்துக்கு மாநாட்டில் பேசப் போயிருந்தேன். வீட்டில் நாங்கள் இருவர்தான்; நான் திரும்ப விடுமுறை கழிய வேண்டும். வேலையிடத்தில் உயிர்ப் பாதுகாப்பு என்பது தலைப்பு. தங்கை தண்ணீர் மாற்ற உள்ளே போயிருந்தாள். முதலாளி கடையைப் பூட்டுமுன் பின்கட்டுக்கு வந்தார். கதவு திறந்து கிடப்பதைக் கண்டார். ஸ்டூலைக் காலால் ஒதுக்கினார். கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். உள்ளே யார் என்று ஒரு குரல் கொடுக்கவில்லை. இதை விசாரணையில் அவரே சொன்னார். அழுதுகொண்டு சொன்னார் என்பதையும் நான் மறைக்கவில்லை.

விடுமுறை கழிந்த காலையில், தட்டுகளுக்கு நடுவே, தொட்டிகளை மூடும் சாக்குகளை மேலே இழுத்துப் போட்டபடி அவள் கிடந்தாள். நான் பேருந்திலிருந்து இறங்கி நேரே கடைக்குத்தான் வந்தேன். வாசலில் வரிசை நின்றது. ஏரியில் தூண்டில் போட்டி, எல்லோருக்கும் அவசரம். "அக்கா, பெரிசு இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது என்று கண்ணாடித் தொட்டியிலிருந்து அள்ளிக் கொடுத்தேன். அடுத்தவருக்கும் கொடுத்தேன். வரிசை முடியும்வரை கொடுத்தேன். மேசைப் பெண்கள் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று யோசித்தது நினைவிருக்கிறது. கடைசி ஆள் போன பிறகு ஒருத்தி என் கையிலிருந்த வலைக்கரண்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். கூட்டம் கலையட்டும், அதுவரை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தாராம்.

படிக்கிறவர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தியதை மறதி என்று சொல்லலாம். அதிகாரிகளும் விபத்து என்றே எழுதினார்கள். ஆனால் என் கூடப் பிறந்தவள் பின்னால் விறைத்துக் கிடக்க, என் கையாலேயே முன்னால் அட்டை விற்கச் செய்ததற்கு எந்த மொழியில் மறதி என்று பெயர்?

அந்த வாரமே கதவுக்குப் புதிய கைப்பிடி வந்தது. பளபளப்பான எஃகுப் பட்டை. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும். பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓர் ஆள், ஒரு திருப்புளி, ஒரு தேநீர் குடிக்கிற நேரம். கதவைக் கழற்றவே இல்லை. ஓர் அட்டையும் முட்டையிடவில்லை.

நான் வேலையை விடவில்லை. பெரிய மனசு என்றார்கள் சிலர். சூடு சொரணை இல்லை என்றார்கள் சிலர். முதலாளி என்னிடம் தணிந்து பேசத் தொடங்கினார்.

"உனக்கு ஏதாவது வேணும்னா கூசாம கேளும்மா."

"இப்ப எதுவும் வேண்டாம் மொதலாளி. சீசன் முடியட்டும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவு எனக்குப் போதவில்லை.

தங்கையின் இடத்துக்கு, அம்மாவை வெளியூரில் விட்டுவிட்டு, ஓர் இளம்பெண் வந்தாள். எல்லோரும் அவளைப் புதுசு என்றே கூப்பிட்டோம். வாயாடி. குளிரறைக்குள் போகுமுன் அந்த எஃகுப் பட்டையை ஒரு முறை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

"அக்கா, இங்கதானா அது நடந்தது?"

"பயமா இருந்தா வேற வேலை பாரு."

"பாக்கலாம். நீங்க வாங்கித் தர்றீங்களா? கூட்டத்துல எல்லாம் எங்களுக்காகத்தானே பேசுறீங்க."

நான் சிரித்துவிட்டேன். அவள் என் சாப்பாட்டுப் பெட்டியில் உரிமையோடு கை வைப்பாள். அவள் மேல் எனக்கு எந்தப் பகையும் இருந்ததில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்; ஏனென்றால் இதைத் திரித்துச் சொல்கிறார்கள்.

பருவம் முடிந்தது. குளிரறைச் சரக்கும் வடியத் தொடங்கியது. சரக்கு விற்கும் கடைசி நாளன்று மீந்ததைப் பார்த்து, தேறாததை ஏரியில் கொட்டச் சொல்லிவிட்டுச் சில நாள் கடையை மூடுவது வழக்கம். மேசைப் பெண்கள் நண்பகலிலேயே போய்விட்டார்கள். முதலாளி அங்கிருந்தே வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்படுவதாக இருந்தார். மகளுக்கு முன்கூட்டிச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை; ஆகவே அவரை வீட்டிலும் தேட மாட்டார்கள், அங்கேயும் தேட மாட்டார்கள். உணவு இடைவேளையில் நான் எஃகுப் பட்டையின் திருகாணிகளை எடுத்துவிட்டு, பட்டையை மட்டும் அதன் இடத்தில் நிற்க வைத்தேன். தள்ளினால் விழும், பார்த்தால் தெரியாது. திருப்புளியைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்தேன். பொருளை எடுத்த இடத்தில் வைப்பது சிறு வயதுப் பழக்கம்.

முதலாளி பின்கட்டுக்கு வந்தார். தொட்டிகளைத் தூக்கி இறக்கப் புதுசையும் கூப்பிட்டார். அவள் பட்டையைத் தள்ளிப் பார்க்கக் கையை நீட்டியபோது, "நான்தான் கூட வரேனே, என்னம்மா பயம்?" என்றார். அவள் கையை எடுத்துக்கொண்டாள். முதலாளி உடனிருந்தால் பயமில்லை என்று நம்புவது தொழிலாளியின் பழைய நோய். அதைப் பற்றி நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன்.

இருவரும் உள்ளே போனார்கள். ஸ்டூல் கதவுக்கு முட்டாக நின்றது. சற்று நேரத்தில் புதுசு மட்டும் வெளியே வந்தாள்.

"அக்கா, வலைக்கரண்டி எங்க வச்சீங்க?"

அது என் பக்கத்திலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"உள்ள என்ன குளிருங்குறீங்க, பல்லு தந்தியடிக்குது" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

நான் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தேன். கதவைச் சாத்தினேன். அவர் பார்க்காமல் சாத்தினார்; நான் பார்த்துவிட்டுச் சாத்தினேன். எங்கள் இருவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான், இதில் நேர்மை என் பக்கம் இருக்கிறது என்றே இன்றும் கருதுகிறேன்.

கதவில் காதை வைத்தேன். பட்டை விழுந்த ஓசை லேசாகக் கேட்டது. பிறகு தட்டினார்கள். கதவில் காதை வைத்தேன். என் தங்கை எப்படித் தட்டியிருப்பாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

"அக்கா, கதவு மாட்டிக்கிச்சு. திறங்கக்கா. அக்கா, இருக்கீங்களா?"

பிறகு முதலாளியின் குரல். அவருக்குப் புரிந்துவிட்டிருந்தது.

"ஏம்மா, நீதானே? நீ வெளியதான் நிக்கிறே, தெரியுது. நான் பண்ணது தப்புதான். என்னை என்ன வேணாலும் பண்ணு. இந்தப் பொண்ணு என்னம்மா பண்ணுச்சு? இதை மட்டும் வெளிய விட்டுடு. நான் அந்தக் கோடியில போய் நிக்கிறேன், கிட்ட வர மாட்டேன்."

நான் அதை யோசிக்காமல் விட்டுவிடவில்லை. நியாயமாகவே எடைபோட்டேன். ஒருவருக்காகத் திறக்கும் கதவு இருவருக்கும் திறக்கும். மேலும், தொழிலாளியை முன்னால் நிறுத்தி அவள் முதுகுக்குப் பின்னால் தப்புவது முதலாளிகளின் பழைய தந்திரம். அதற்கு இடம் கொடுத்தால் இத்தனை ஆண்டுகள் நான் பேசியதற்கு என்ன பொருள்? ஆகவே முதலாளி மேசையில் வைத்திருந்த சாவியை எடுத்துக் கடையைப் பூட்டினேன். வீட்டுக்குப் போய் ஊறப்போட்டிருந்த துணிகளைத் துவைத்துக் காயப்போட்டேன்.

கடை திரும்பத் திறந்தபோது முதலாளி பனியனோடு கிடந்தார். அவருடைய கம்பளிச் சட்டையும் அதன் மேல் அவருடைய மேல்சட்டையும் புதுசின் மேல் இருந்தன. அவள் கால்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்த நிலையில் இருந்தார் என்கிறார்கள். செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக எழுதுகின்றன. வாழ்நாளெல்லாம் எங்களிடமிருந்து வாங்கியதில் ஒரு சட்டையைக் கடைசி நாளில் திருப்பிக் கொடுத்தவரை வள்ளல் ஆக்குவது செய்தித்தாள்களின் வேலை. விசாரணை அதிகாரி என்னிடம் திருகாணிகளைக் கேட்டார். மேலங்கிப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நான் எதையும் மறுக்கவில்லை. கதவைச் சாத்தியது நான். திறக்காமல் இருந்தது நான். ஆனால் செய்தவர் யார் என்பது வேறு கேள்வி.

சாட்சிகளே, இனி உங்கள் கடமை. உங்கள் ஊரில் இருக்கும் ஒவ்வொரு குளிரறைக்கும் போங்கள். உள்ளிருந்து கதவு திறக்கிறதா என்று உங்கள் கையாலேயே தள்ளிப் பாருங்கள். திறக்காவிட்டால் அந்தக் கடையில் ஒரு பொருளும் வாங்காதீர்கள். அநீதி நடந்த அந்த வாசலில் பலகை நட்டு, அந்த அறையில் உயிர்விட்ட இரண்டு பெண் தொழிலாளர்களின் பெயர்களையும் அருகருகே எழுதுங்கள். பிறகு, உங்களில் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் புதுசின் அம்மாவிடம் போக வேண்டும். அவர் துயரத்தில் குழம்பிப்போய் என் பெயரைச் சொல்லிச் சபித்துக்கொண்டிருக்கிறாராம். அவர் மகளைக் கொன்றவர் அந்த முதலாளிதான் என்பதை, அவருக்குப் புரியும்வரை, பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.