வெள்ளைத்துணி பறக்காத வீடு

அரிசியில் வண்டு விழாமல் இருக்க, காய்ந்த மிளகாய் நாலைந்தைப் போட்டு வாளியை இறுக மூடினால் போதும். உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள், இன்ஸ்பெக்டர். என் மாடியறையைத்தான் பார்த்துவிட்டீர்களே. அரிசி, பருப்பு, சார்டின் மீன் டின், பிஸ்கட், டின் பால், எல்லாம் தேதி பார்த்து அடுக்கியவை. பழையது முன்னே, புதியது பின்னே. இந்த உலு திராம் ஊரில் இப்படி ஓர் அறை வேறு யார் வீட்டிலும் இருக்காது. அதில் எனக்குப் பெருமைதான்.

கொரோனா ஊரடங்கு தொடங்கியபோதும் அந்த அறை நிறைந்துதான் இருந்தது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் வாசலில் வெள்ளைத்துணி கட்டினார்களே, நினைவிருக்கிறதா? என் கணவர் ராஜசேகரன் துணி கண்ட வீட்டுக்கெல்லாம் என் சாமான்களை அள்ளிக்கொண்டு போனார். எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க அவர் பேச்சுதான். கடைசியில் அறை காலியானது, அவருக்கு வேலையும் போனது. எங்கள் கேட்டில் துணி கட்டியது நான்தான். தலைகுனிந்து பொட்டலம் வாங்கியதும் நான்தான். அவர் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அவமானம் இன்றும் எரிகிறது. இனி என் வீட்டில் வெள்ளைத்துணி பறக்காது என்று அன்றே முடிவு செய்தேன். அந்த அறையின் சாவி என் இடுப்புக்கு வந்தது அப்போதுதான்.

இந்த வெள்ளத்தில் கீழ்வீடு மூழ்கியதும் இருவரும் மாடிக்கு ஏறினோம். கரண்டும் இல்லை, போனும் இல்லை. மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல இன்சுலின் போட்டுக்கொண்டார். நான் சோறும் சார்டினும் போட்டுக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு வாசுகி எங்கள் பால்கனியை ஒட்டிய தன் பால்கனியில் வந்து நின்றாள்.

“அண்ணே, பிள்ளைங்க நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலண்ணே.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சாவியைத் தொடவில்லை. தன் தட்டை அப்படியே அவளிடம் நீட்டிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. ஊசி போட்டவர் சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று கிளினிக்கில் என்னையும் உட்காரவைத்துத்தான் சொல்லியிருந்தார்கள்.

“தேன்மொழி, சுகர் இறங்குது. ஒரு டின் பால் உடைச்சுக் குடு லா.”

“உங்க பங்கை நீங்கதான் தூக்கிக் குடுத்துட்டீங்க,” என்றேன்.

ஒரு டின்தானே என்று நினைக்கிறீர்கள். ஊரடங்கில் அறை காலியானதும் ஒரு டின்னில்தான் ஆரம்பித்தது.

பிறகு மீட்புப் படகு தெருவுக்குள் வந்தது. உதவி வேண்டியவர்கள் துணியைக் காட்டுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவர் தன் வெள்ளை பனியனைக் கழற்றப் பார்த்தார், விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை. நானே கழற்றிவிட்டேன். மடித்து என் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். வாசுகியும் பிள்ளைகளும் படகில் ஏறினார்கள்.

“அக்கா, நீங்க வரலையா?” என்று கத்திக் கேட்டாள்.

“எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. நீங்க போங்க.”

எழுதிக்கொள்ளுங்கள். சாவி என்னிடம் இருந்தது. சாமான் அறைக் கதவுக்கும் அவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். முதலில் பேச்சு நின்றது, பிறகு மூச்சு நின்றது. மறுபடி அப்படியே செய்வாயா என்று கேட்டால், செய்வேன். நீங்கள் உங்கள் வாசலில் நின்று பொட்டலம் வாங்கியதில்லை.

அப்புறம் அறையைத் திறந்து பார்த்தேன். ஒரு டின்கூடக் குறையவில்லை. உண்மையிலேயே ஓர் ஆபத்து வந்தால், எங்கள் இரண்டு பேருக்கும் தாராளமாகப் போதும்.