கமலவேணி அம்மாள் கேட்ட கிழக்கு அறை

மேடையில் அமர்ந்திருக்கும் கட்டடக் கமிட்டித் தலைவர் நல்லுசாமி ஐயா அவர்களே, நம் ஆஸ்பத்திரி டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அவர்களே, ஓவர்சியர் தர்மன் அவர்களே, பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, பந்தலின் பின்பக்கம் பாயில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் பூங்காவனம். நம் ஆஸ்பத்திரிச் சோதனைச்சாலையில் குப்பிகளும் கண்ணாடிகளும் கழுவுகிற பெண். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். சபையில் பேசிப் பழக்கமில்லை என்பதால் எழுதி வந்ததைப் படிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மை விட்டுப் போன சோதனைச்சாலைப் பொறுப்பாளர் கமலவேணி அம்மாள் அவர்களின் படிப்பைப் பற்றியும், அவர்கள் எத்தனை பேருடைய ரத்தத்தைப் பார்த்து மலேரியா என்று கண்டு சொன்னார்கள் என்பது பற்றியும் பெரியவர்கள் சொல்வார்கள். அதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. அம்மாள் கேட்ட கேள்விகள்தான் எனக்குத் தெரியும். கேள்வி கேட்பதில் அவர்களைப் போல வேறு யாரைப் பார்த்தோம்?

இப்போது சோதனைச்சாலை இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். முன்பு வண்டி நிறுத்திய கொட்டகை அது. ஒரே ஜன்னல், அதுவும் மேற்கே பார்த்தது. புதிய கட்டடம் கட்டலாம் என்று போன வருஷம் முடிவானதும், ஓவர்சியர் ஐயா அழகாக ஒரு வரைபடம் போட்டு எடுத்து வந்தார்கள். அம்மாள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள்.

“இதுக்குள்ள யாருங்க வேலை செய்யப் போறது?”

“நீங்கதாம்மா.”

“அப்ப என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

இதை ஓவர்சியர் ஐயாவே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்கள். இப்போதும் தலையசைக்கிறார்கள் பாருங்கள். அன்றே அந்த வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “சரி, கேட்டுட்டே போடுவோம்” என்று சொன்ன பெரிய மனசு அவர்களுக்கு.

அம்மாள் தனக்கு வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்தார்களா? இல்லை. மருந்து கலக்கிக் கொடுக்கும் கம்பவுண்டர் சாமிக்கண்ணு அண்ணனைக் கூப்பிட்டு, புதுக் கட்டடத்தில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அண்ணன் ஒன்றும் வேண்டாம் என்றார். என்னைக் கேட்டார்கள். நானும் ஒன்றும் வேண்டாம் என்றேன். கூட்டிப் பெருக்குகிறவரும் அதையேதான் சொன்னார்.

“ஏன், கல்யாண வூட்டுல பந்திக்கா கூப்புட்டேன், ஆளாளுக்கு வேணாம் வேணாம்னு மரியாதை பண்றதுக்கு?” என்று அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை மறைப்பானேன்? கோபம் வந்தால் கையிலிருப்பதை மேஜையில் பட்டென்று வைப்பார்கள். அப்படி உடைந்த கண்ணாடிகளை அள்ளியவள் நான்தான். ஆனால் கோபம் தணிந்த பிறகு சும்மா இருக்க மாட்டார்கள். இவர்களைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள், வேலை செய்யச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு யோசனை கண்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில், வரைபடத்தில் உள்ள கட்டடத்தைச் சுண்ணாம்புப் பொடியால் அதே அளவுக்குத் தரையில் கோடு போட வைத்தார்கள். சுவர் வருகிற இடத்தில் கோடு, வாசல் வருகிற இடத்தில் இடைவெளி. அதற்குள் மேஜையும் முக்காலியும் தொட்டியும் கொண்டுபோய் வைத்தோம். ஒரு நாள் காலை வேலை முழுவதையும் அந்தக் கோடுகளுக்குள் செய்து காட்டச் சொன்னார்கள். தெருவில் போனவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். படித்த அம்மாள் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுகிறாள் என்று யாரோ சொன்னது எங்கள் காதில் விழுந்தது. அம்மாள் காதிலும் விழுந்திருக்கும்.

சாமிக்கண்ணு அண்ணன் தட்டோடு குறுக்கே வந்துவிட்டார்.

“என்ன சாமிக்கண்ணு, செவுத்துக்குள்ள பூந்து வர்றீங்க? முனி கினி புடிச்சிருக்கா?”

“கதவு அந்தக் கடைசியில இருக்குங்கம்மா. மருந்துத் தட்டைத் தூக்கிக்கிட்டு தெனம் அவ்வளவு தூரம் சுத்தணுமான்னு பாத்தேன்.”

“இதத்தானே நேத்தே கேட்டேன்?” என்று சொல்லிக் கதவை அண்ணன் பக்கமாக நகர்த்தினார்கள். கதவை நகர்த்துவது என்றால் என்ன, காலால் ஒரு கோட்டை அழித்து இன்னொரு கோடு. மைக்ராஸ்கோப்புக்கு வடக்கு வெளிச்சம்தான் நாள் முழுவதும் ஒரே மாதிரி இருக்கும் என்று மேஜை வடக்கு ஜன்னலுக்குப் போயிற்று. நான் தொட்டியில் குப்பிகளைக் குலுக்கினால் அந்த மேஜை ஆடும் என்று கண்டு, தொட்டி சுவருக்கு அந்தப் பக்கம் போயிற்று. ஒரு செங்கல்லும் செலவாகாமல் எத்தனை சுவரை இடித்துக் கட்டினார்கள் என் தாய்!

எங்களோடு விட்டார்களா? நோயாளிகளையும் கூப்பிட்டார்கள். அன்று வந்திருந்தவர்களில் குன்னத்து வீராயி அக்காவும் ஒருத்தி.

வீராயி அக்கா ஊரில் பல பெண்கள் அந்தக் கோடையில் வெளுத்துப்போய், மூச்சு வாங்கி, களை எடுக்கக் குனிந்தால் நிமிர முடியாமல் இருந்தார்கள். வயிற்றில் கொக்கிப்புழு இருந்து ரத்தத்தைக் குடிக்கிறது என்று டாக்டர் ஐயாவும் அம்மாளும் சந்தேகப்பட்டார்கள். மலத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஆளுக்கு ஒரு தகர டப்பா கொடுத்து, வீட்டிலிருந்து எடுத்து வரச் சொன்னோம். டப்பாக்கள் வந்தன. அம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒருவருக்கும் புழு இல்லை. இல்லை என்றே எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் பெண்கள் வெளுத்தபடியேதான் இருந்தார்கள். அவர்களில் வீராயி அக்காவின் தங்கை ஆண்டாயி நிறைமாசம். பிரசவத்தில் உடம்பு தாங்காமல் போய்ச் சேர்ந்தாள். சீட்டில் இல்லை என்று இருந்ததால் அவளுக்குப் புழு மருந்து தரவில்லை.

அந்த வீராயி அக்காதான் அன்று சுண்ணாம்புக் கோட்டு வாசல் வழியாக உள்ளே வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டது.

“எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. டப்பாவைக் கையில குடுத்தா நாங்க எங்கங்க போறது?”

“இப்ப வூட்டுலேருந்து கொண்டாந்தீங்கல்ல, அது மாதிரிதான்.”

“எங்கங்க கொண்டாந்தோம்?” என்று அக்கா கீழே பார்த்தாள். “வண்டியில ஆம்பளைங்க, மடியில என்ன மடியில என்னங்கறாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தன் தொறந்து காட்டுங்கறான். புள்ளையோடதுன்னா சொல்லிரலாம், எங்களோடதுன்னு எப்படிச் சொல்றது? அத்தினி பேருக்கும் எம்மவன் ஒருத்தனோடதுதாங்க. அவனுக்கு என்ன வெக்கம், அஞ்சு வயசு.”

கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

“ஆண்டாயி டப்பாவுலயும் அதைத்தான் போட்டேன்” என்றாள்.

அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். புடவையெல்லாம் சுண்ணாம்பு. வீராயி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்.

“உம் மேல குத்தமில்லடி. நான் டப்பாவைக் கேட்டேன். எடத்தைக் குடுக்கலை.”

பெரியோர்களே, நம்மில் எத்தனை பேருக்கு இப்படிச் சொல்ல வரும்? பட்டிக்காட்டுப் பெண்களின் பொய் என்று சொல்லியிருக்கலாம். ஊரே ஒப்புக்கொண்டிருக்கும். அம்மாள் எழுந்தார்கள், கிழக்குப் பக்கத்துக் கோட்டைக் காலால் அழித்தார்கள், அங்கே ஒரு அறையைப் போட்டார்கள். சந்துப் பக்கம் தனி வாசல், ஆண்கள் நிற்கிற இடத்தைத் தாண்டி வர வேண்டியதில்லை. உள்ளே ஒரு கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி. சோதனைச்சாலைச் சுவரில் மூடி போட்ட ஒரு சின்னத் திறப்பு. டப்பாவை இந்தப் பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் நான் எடுத்துக்கொள்வேன். முகம் பார்க்க வேண்டாம், கேள்வி கேட்க வேண்டாம். அதுதான் கிழக்கு அறை.

கட்டடம் எழும்பும் வரை காத்திருந்தார்களா? மறுநாளே தன் குடியிருப்பைத் திறந்துவிட்டார்கள். உலையில் அரிசி கொதிக்கும், கூடத்தில் குன்னத்துப் பெண்களும் கல்லங்குறிச்சிப் பெண்களும் கொல்லைப்பக்கம் போக முறை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். “எவளாவது சோத்தைப் பாத்துக் கிளறி வுடுங்கடி” என்று சொல்லிவிட்டு அம்மாள் வேலைக்கு ஓடுவார்கள். இந்த முறை டப்பாக்கள் உண்மை சொல்லின. வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புழு இருந்தது. மருந்து போயிற்று. இந்த வருஷம் குன்னத்தில் வெங்காயம் பிடுங்கிய பெண்களைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அவர்கள் முகத்தில் திரும்பி வந்த நிறம் யார் கொடுத்தது?

கமிட்டியில் அந்த அறைக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. தலைவர் ஐயாவைக் குறை சொல்ல நான் வரவில்லை. சிமெண்டுக்கு உத்தரவு வாங்கத் திருச்சிக்கு நடையாய் நடந்தவர் ஐயா. அம்மாளுக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது, ஐஸ் கட்டியை மரத்தூளில் பொதிந்து தன் காரில் கொண்டுவந்தவர் ஐயா. மயானம் வரை செருப்பில்லாமல் நடந்தவரும் ஐயாதான். ஐயாவுக்கு அன்று ஒரு சங்கடம் இருந்தது, அவ்வளவுதான். பெரிய மனிதர்கள் வந்து திறந்து வைக்கப் போகிற கட்டடம், அதில் முகப்புக்குப் பக்கத்திலேயே கக்கூஸா என்று கேட்டார்கள். அதற்குத் தான் சொன்ன பதிலை அம்மாளே என்னிடம் வந்து சொன்னார்கள்.

“பெரிய மனுசங்க ஒரு நாளைக்கு வருவாங்கய்யா. இவங்க தெனம் வருவாங்க.”

ஐயாவும் சிரித்துவிட்டு, பார்க்கலாம் அம்மா என்றார்களாம். ஐப்பசியில் அம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. அந்தப் பேச்சு அதோடு நின்றுபோயிற்று.

இந்தக் கூட்டத்துக்கு அச்சடித்த நோட்டீசைப் படித்தேன். புதிய கட்டடத்தின் கிழக்கு அறை கமலவேணி அம்மாள் நினைவு அறையாகும், அங்கே அம்மாளின் பெரிய படமும் விருந்தினருக்கு நாற்காலிகளும் வைக்கப்படும் என்று போட்டிருக்கிறது. படித்ததும் முதலில் சந்தோஷத்தில் அழுதேன். பிறகுதான் கிழக்கு அறை என்பதைத் திரும்பப் படித்தேன். அம்மாள் பெண்களுக்கென்று கோடு போட்ட அதே இடம்.

ஐயா, அம்மாளின் குடியிருப்பு இப்போது பூட்டியிருக்கிறது. அடுத்து வருகிறவருக்கு ஒதுக்க வேண்டுமாம், நியாயம்தான். போன வாரம் கல்லங்குறிச்சியிலிருந்து வந்த பெண்கள் அந்தப் பூட்டைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு டப்பாக்களைக் காலியாகவே என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருத்தி மாசமாக இருந்தாள். அவள் பேர்கூட நான் கேட்டு வைக்கவில்லை, கேட்டால் இனி வரவே மாட்டாளோ என்று பயம்.

அம்மாளின் படம் வேண்டாம் என்பேனா? எனக்கும் அந்த முகத்தைத் தினமும் பார்க்க வேண்டும். டாக்டர் ஐயா அறையில் மாட்டுங்கள். மைக்ராஸ்கோப்பு மேஜைக்கு மேலே மாட்டுங்கள். அம்மாளின் பெயரைக் கட்டடத்தின் நெற்றியில் எழுதுங்கள். கிழக்கு அறையை மட்டும் அம்மாள் கோடு போட்டபடி கட்டிக் கொடுங்கள்.

நாங்கள் கேட்டுவிட்டு ஒதுங்கிப் போகிறவர்கள் அல்ல. சித்தாள் வேலை செய்யும் பொன்னாயி அக்காவும் அவர் கூட வருகிறவர்களும் அந்த அறைக்கு மட்டும் கூலி வாங்காமல் கல்லும் கலவையும் சுமப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாற்றம் வருமே, யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கமிட்டியில் கேட்டார்களாம். நான் பார்த்துக்கொள்கிறேன். தினமும் கழுவுகிறேன். எனக்கு முடியாத நாளில் வீராயி அக்கா வந்து கழுவுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். அம்மாள் செய்த வேலையை நாங்கள் செய்ய முடியாது. அம்மாள் செய்த வேலை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள எங்களால் முடியும். இந்தச் சபையில் அம்மாளின் பெயரால் அதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

கடைசியாக எல்லோரும் எழுந்து அம்மாளுக்கு மௌனமாக அஞ்சலி செலுத்துவோம் என்று நோட்டீசில் இருக்கிறது. முடிந்ததும் தலைவர் ஐயா உட்காரச் சொல்வார்கள், நீங்கள் உட்காருவீர்கள். பின்பக்கம் பெண்கள் மட்டும் உட்காராமல் நிற்பார்கள். மரியாதை தெரியாமல் நிற்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்களுக்கு இந்த விஷயத்தை ஆண்கள் இருக்கிற சபையில் வாயால் கேட்க வராது. அந்த அறை வேண்டும் என்கிறவர்கள் அப்படி நிற்பதாகப் பேசிக்கொண்டு வந்திருக்கிறோம். எண்ணிப் பாருங்கள் ஐயா.

நானும் அவர்களோடு போய் நின்றுகொள்கிறேன்.