திமிசு போடாத மூலை

மணி ஏழேகால்தான். பேய் வருகிற நேரமே இல்லை. ஆனால் அந்த ரோட்டில் கடைசி விளக்குக் கம்பத்தைத் தாண்டிவிட்டால் புதரும் இருட்டும்தான். அதற்கும் அப்பால்... பாதி கட்டிய ஒரு வீடு.

இது நம் கம்பி கட்டுகிறவரின் மச்சானுக்கு நடந்தது. நம்பாதவர்கள் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கலாம்.

அவர் கொத்தனார். வேலை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை. ஒருநாள் கோபத்தில் சோற்றுத் தட்டை விட்டெறிந்தார். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே நாய்க்கு இடமில்லை. அதனால் கட்டையன் இவரிடமே தங்கியது. குட்டைக் கால், பழுப்பு முதுகு. இவர் எந்த வீட்டில் வேலை செய்தாலும் மணல் குவியல்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும்.

அந்த மணலில்தான்... லாரி பின்பக்கமாக வந்து ஏறிவிட்டது. கட்டையன் ஒரு முனகல்கூட முனகவில்லை.

அன்று தரைக்குக் கான்கிரீட் போடுகிற நாள். கலவை மிஷின் ஓட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது. அழவும் நேரமில்லை. பின்னறை மூலையில் குழி தோண்டி, தன் சட்டையைக் கழற்றி நாயை அதில் சுற்றி வைத்து மூடினார். கொட்டிய மண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். எல்லா இடத்திலும் இடித்தார். அந்த மூலையில் மட்டும் கட்டையைத் தூக்கினார்... இறக்க முடியவில்லை. இருபது வருஷத் தொழிலில் செய்யாத தப்பு. அப்படியே மேலே கான்கிரீட் விழுந்தது.

கான்கிரீட் தரை நன்றாக இறுக, மறுநாளிலிருந்து அதன்மேல் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சாயங்காலம் இவர்தான் இருந்து தண்ணீர் விடுவார். சரியாக ஏழேகாலுக்கு மகள் போன் செய்வாள். அப்பா சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டாள், அவ்வளவு கோபம். கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"கட்டையன் எங்க? குரைக்கச் சொல்லு."

செத்துவிட்டது என்று சொன்னால் அந்த ஒரு போனும் நின்றுவிடும். மனுஷன் என்ன செய்வார்? போனைத் தள்ளிப் பிடித்துத் தானே குரைத்தார். இரண்டு தடவை. மகள் சிரித்தாள்.

மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்த சித்தாள் பார்த்துவிட்டாள்.

"ஏண்ணே, இவ்ளோ நல்லா குரைக்கிறீங்களே... அண்ணிகிட்ட நாலு வார்த்தை மனுஷனா பேசியிருந்தா அவங்க ஏன் போகப்போறாங்க?"

"வாய மூடிட்டுக் கெளம்பும்மா."

இரண்டாம் நாளும் குரைத்தார். மூன்றாம் நாள் குரைத்து முடித்த கையோடு, அந்த மூலைத் தண்ணீரில் ஒரு குமிழி வந்தது. ப்ளக்... நின்றது... இன்னொன்று. இடிக்காத மண் அமுங்குகிறது, உள்ளே இருந்த காற்று வெளியே வருகிறது என்று சொல்லிக்கொண்டார். ஆனால் வாடை... சிமெண்ட் வாடை இல்லை. நனைந்த நாயின் வாடை.

நான்காம் நாள் மகளின் குரல் மெதுவாக வந்தது.

"அப்பா, இனிமே நீ குரைக்காத."

"நான் இல்லடா. கட்டையன்தான்..."

"நீதான். மூணு நாளும் நீதான். நீ குரைச்சா அவன் முழிச்சிக்கிறான்ப்பா. எந்தப் பக்கம் வரணும்னு தெரியாம சுத்துறான்."

கொத்தனார் அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் செத்துட்டான்டா கண்ணு. அப்பா பொய் சொன்னேன்."

தட்டை எறிந்ததற்கும் சேர்த்து அழுதார். தேம்பல் வெளியே கேட்காமல் இருக்க உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான்... கீழேயிருந்து. ஒரே ஒரு தடவை. குட்டையான, கரகரத்த குரைப்பு. அவர் உட்கார்ந்திருந்த தரை அதிர்ந்தது.

போனில் மனைவியின் குரல். மூன்று வாரத்தில் முதல் தடவையாக.

"ஏங்க... பாப்பா போனை என் கையில திணிச்சிட்டு உள்ள ஓடிட்டா. இத்தன நாளா யாரோ குரைக்கிற மாதிரி இருந்துச்சு. இன்னைக்குத்தான் அவன் குரலாவே இருக்கு."

மூக்கை உறிஞ்சினாள்.

"சரி, நாளைக்கு வர்றோம். பாப்பாவுக்காகத்தான். அவன அவுத்து விட்டு வைங்க."