அலுமாரிக்கு மேலை வைச்ச பாக்

இல்லைப் பிள்ளை, நீங்களே ஒருக்காச் சொல்லுங்கோ. ஒரு பாக். ஒரேயொரு மண்ணிற பாக். 'அலுமாரிக்கு மேலை வைச்சனான்' எண்டு சொல்லுறதும் எங்கட மனிசன்தான், 'அலுமாரிக்கு மேலை இல்லை' எண்டு சொல்லுறதும் அவர்தான். அப்ப அது தானா இறங்கி நடந்து போட்டுதோ? இந்தா, கேக்குதே உங்களுக்கு... கீழை சளக்குச் சளக்கெண்டு நடக்கிறார். வெள்ளம் முழங்கால் மட்டும் வந்திட்டுது. அறுபத்தெட்டு வயசு, பிறஷர்காரன். பக்கத்துக் கனால் தண்ணியும் சாக்கடைக் கானுத் தண்ணியும் கலந்து கிடக்கு, கறண்டும் இல்லை, டோர்ச்சைப் பிடிச்சுக்கொண்டு அதுக்குள்ளை பாக் தேடுறார். எனக்குக் கோவம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம், நஸீறா. ரெண்டும் சேர்ந்தால் எனக்கு வாய் நிக்காது. குறை நினைக்காதேங்கோ.

சும்மா பாக்கெண்டால் போய்த் துலையட்டும் எண்டு விட்டிடுவன். எங்கட மகள் யதுஷான்ரை பாஸ்போர்ட் அதுக்குள்ளை கிடக்கு. கனடா விசா குத்தின பாஸ்போர்ட். ரெண்டு தரம் இல்லையெண்டு திருப்பி அனுப்பினவங்கள், மூண்டாம் தரம்தான் குடுத்தவங்கள். அண்டைக்கு அவள் அழுத அழுகை... நான் சாமியறைக்குள்ளை போய் நிண்டு அழுதனான், இவர் வெளியிலை போய் மல்லிகைக்குத் தண்ணி விட்டவர். கொட்டுற மழையிலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பிளேன், பிள்ளை. இண்டைக்குச் செவ்வாய். பாஸ்போர்ட் நனைஞ்சு கூழாப் போச்சுதெண்டால் அவள் எங்கை போறது?

அவள் இஞ்சை நிண்டாலும் பரவாயில்லை. நேற்றுப் பொரளைக்கு, கூடப் படிச்ச ரொஷேல் வீட்டை, போயிட்டு வாறன் எண்டு சொல்லப் போனவள். றோட்டெல்லாம் மறிச்சு அங்கையே நிண்டிட்டாள். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கோல். ஒரே கேள்வி. 'அம்மா, பாஸ்போர்ட் எடுத்திட்டியளோ?' அம்மா சாப்பிட்டியளோ, அப்பா குளிசை போட்டவரோ... ஒண்டும் இல்லை. நானும் 'ஓம் ஓம், எல்லாம் மேலை கொண்டு வந்தாச்சு' எண்டு சொல்லிப்போட்டன். பொய் சொல்லேல்லை, எல்லாம் கொண்டு வந்தாச்சுத்தானே. பாக் மட்டும்தான் இல்லை.

உங்கட ஹோலை நான் பிடிச்சிட்டன், தெரியுது எனக்கு. நீங்கள் மேலை குடி வந்து மூண்டு மாசம், ஒரு நாளும் ஆறுதலா இருந்து கதைக்கக் கிடைக்கேல்லை, இப்ப பாருங்கோ மெத்தையோடை வந்து நிக்கிறன். அந்தப் பெரிய சூட்கேஸ் யதுஷான்ரை. ஆதிலா அதுக்கு மேலை இருக்கட்டும், குழந்தையை ஏசாதேங்கோ, உள்ளுக்கு எல்லாம் குளிருக்குப் போடுற உடுப்பு, ஒண்டும் உடையாது. இந்த வாளிக்குள்ளை சாமிப்படங்கள். அந்தப் பேணி மூண்டும் மிளகாய்த்தூள். கொக்குவிலிலை வறுத்து இடிச்சு அனுப்பினது. அதுக்கு மட்டும் பிள்ளையைக் கிட்டப் போக விடாதேங்கோ, பேந்து கண் எரியுது எண்டு அழுவாள்.

என்ன பாக்கிறியள், இட்லிச் சட்டியையோ? நீங்கள் சிரிக்கிறது விளங்குது. இவரும் கேட்டவர், 'வெள்ளத்துக்குள்ளை ஆருக்கப்பா இட்லி' எண்டு. எனக்குத் தெரியும் ஏன் கொண்டு வந்தனானெண்டு. வீட்டை விட்டு வெளிக்கிட்டால் எத்தினை நாளெண்டு ஆரும் சொல்லேலாது. ரெண்டு நாள் எண்டுதான் சொல்லுவாங்கள். நாங்கள் ரெண்டு நாளெண்டு வெளிக்கிட்டுத்தான் ஆறு மாசம் பள்ளிக்கூட வகுப்பறையிலை இருந்தனாங்கள். இருபத்திரண்டு குடும்பத்துக்கு ஒரு பெரிய சட்டி இல்லாமல் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மற்றது இவரின்ரை பிளான். ஐயோ, அதை நீங்கள் காணேல்லை. அவர் முப்பது வருஷம் ட்ராஃப்ட்ஸ்மன் வேலை பாத்தவர், கட்டிடப் படம் கீறினவர். கீறாமல் இருக்கேலாது. போன கிழமை மழை தொடங்கினோடனை ஒரு பெரிய தாளை விரிச்சு, அடிமட்டம் வைச்சு, சிவப்புக் கோடு, நீலக் கோடு, அம்புக்குறி... 'வெளியேறும் திட்டம்' எண்டு தலையங்கம். ஒண்டாவது பொருள், ரெண்டாவது பொருள், ஆர் தூக்கிறது, எந்தப் படியாலை ஏறுறது. எங்களுக்கிருக்கிறது ஒரு படி. அதுக்கு 'பாதை அ' எண்டு பேர். 'பாதை ஆ' எங்கையப்பா எண்டு கேட்டன், அது பிறகு யோசிப்பம் எண்டார். கீறி முடிச்சுப் பிறிஜிலை ஒட்டினவர். இப்ப பிறிஜோடை சேர்த்துப் பிளானும் நனைஞ்சு போச்சு.

அதோடை நிண்டாரே? இந்த ஒழுங்கைக்குத் தண்ணி வராது, சரிவு மற்றப் பக்கம் எண்டு அதையும் ஒரு படம் கீறிக் காட்டினவர். தண்ணிக்கு அந்தப் படம் விளங்கேல்லை, வந்திட்டுது. காலமை ஸ்பீக்கர் கட்டின ஒரு த்ரீவீலிலை வந்து, கனால் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் உடனை வெளிக்கிடுங்கோ எண்டு சிங்களத்திலையும் தமிழிலையும் சொல்லிக்கொண்டு போறாங்கள். இவர் பெனியனோடை கேற்றடியிலை நிண்டு அந்தப் பெடியங்களுக்குச் சரிவு விளங்கப்படுத்துறார். அவங்கள் 'ஹரி அங்கிள், ஹரி அங்கிள்' எண்டு சிங்களத்திலை சரி சரி சொல்லித் தலையை ஆட்டிப்போட்டுப் போயிட்டாங்கள்.

எனக்கு ஒரு பிளானும் தேவையில்லை, பிள்ளை. நான் சண்டைக்கு ஓடிப் பழகினவள். எண்பத்தேழிலை ஒருக்கா நல்லூர்க் கோயிலுக்கு. தொண்ணூற்றைஞ்சிலை முழு யாழ்ப்பாணமும் வெளிக்கிட்டுதே, அதுக்குள்ளை ஒருக்கா. கொட்டுற மழை. ஒரு பாலம், அவ்வளவு சனமும் அந்த ஒரு பாலத்தாலை. ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம். அப்ப எங்களுக்குக் கலியாணம் முடிச்சு மூண்டு வருஷம். நான் என்ன தூக்கினனான் தெரியுமே? தையல் மெசின்ரை தலை. இவர் என்ன தூக்கினவர் தெரியுமே? படம் கீறுற பலகை. ரெண்டு பேரும் ரெண்டு விசரர். சேட்டிபிக்கற், பிறப்புப் பத்திரம், காணி உறுதி எல்லாம் மேசை லாச்சிக்குள்ளை அப்பிடியே கிடந்தது. திரும்பிப் போய்ப் பாக்க மேசையே இல்லை. நான் ஏஎல் சோதினை பாஸ் பண்ணினனான் எண்டு காட்ட ஒரு துண்டு இல்லாமல் எத்தினை கந்தோர்ப் படி ஏறினனான்.

அண்டையிலை இருந்து எங்கட வீட்டிலை ஒரு பாக் எப்பவும் கட்டினபடி கிடக்கும். வெள்ளவத்தையிலை எங்கட ஆக்களின்ரை எந்த வீட்டையும் போய்க் கேட்டுப் பாருங்கோ, கட்டாயம் இருக்கும். இஞ்சை சோதனைச் சாவடி இருந்த காலத்திலை பொலிஸ் பதிவுத் துண்டும் அதுக்குள்ளைதான். கலியாண வீட்டுக்குப் போனாலும் பாக் எங்கையெண்டு ஒருக்காப் பாத்திட்டுத்தான் கதவைப் பூட்டுவன். யதுஷா பகிடி பண்ணுவாள். 'அம்மாக்கு ரெண்டு பிள்ளை, மூத்தது பாக்' எண்டு. பண்ணட்டும். அந்தப் பாக் இருக்கிற நம்பிக்கையிலைதான் நான் நித்திரை கொள்ளுறனான்.

இந்தா, அடிக்கிறாள். யதுஷாதான். எடுக்கேல்லை நான். எடுத்தால் என்ன சொல்லுறது? ஏழு வீதம்தான் சார்ஜ் கிடக்கு. அடிச்சு ஓயட்டும்... ஓய்ஞ்சிட்டுது. பாவம் பிள்ளை.

பொறுங்கோ, அவர் கூப்பிடுறார். என்னப்பா? இல்லையோ? வடிவாப் பாத்தனீங்களே? கதிரையை வைச்சு ஏறிப் பாருங்கோ, பின்னுக்கு விழுந்திருக்கும்! ...ஏறியும் பாத்திட்டாராம். சூட்கேஸ் பழசு ரெண்டு, பேப்பர்க் கட்டு, மேசை விசிறி... அவ்வளவும் இருக்காம். பாக் மட்டும் இல்லையாம். திரும்பியும் முதல்லையிருந்து தேடப் போறாராம். 'அலுமாரி மேல் தட்டு எண்டு பிளானிலை வடிவாப் போட்டனான்' எண்டு அங்கையிருந்து பிளான் கதைக்கிறார். உயரத்திலை வைச்சால் தண்ணி தொடாது எண்டு அவர்தான் கையாலை ஏத்தி வைச்சவர், அது உண்மை. நானும் கண்டனான். அப்ப எடுத்தது ஆர்? இவர்தான் மறதியிலை எடுத்து எங்கையும் செருகியிருப்பார். கண்ணாடியை நெத்தியிலை வைச்சுக்கொண்டு கண்ணாடி தேடுற மனிசன்.

என்ன? கடைசியா எப்ப கண்டனானோ? அது நல்ல கேள்விதான். பொறுங்கோ, வரிசையாச் சொல்லுறன். காலமை ஆறு மணிக்குத் தேத்தண்ணி போடேக்கை மேலைதான் இருந்தது, அறை வாசலாலை கண்டனான். ஏழு மணிக்கு சாமிப்படம் எல்லாம் கழட்டினன். அப்பவும் இருந்தது. ஏழரைபோலை மிளகாய்த்தூளுக்கு மூடி தேடினனான், ஒரு மூடி கிடைக்கேல்லை, அந்தப் பேணிக்கு இப்பவும் பொலித்தீன்தான் கட்டிக் கிடக்கு. அப்ப எட்டு மணிபோலை... எட்டு மணிக்கு அந்த ஹெலிகொப்டர் வந்தது.

ஓம், நீங்களும் கேட்டிருப்பியள்தானே, கூரை அதிர அதிரப் போச்சுது. வெள்ளம் பாக்க வந்ததோ, சாப்பாடு போட வந்ததோ, ஆருக்குத் தெரியும். உங்கட ஆதிலா பால்கனிக்கு ஓடி வந்து கையாட்டினவளாம். நான் என்ன செய்தனான் தெரியுமே? சொல்ல வெக்கமாக் கிடக்கு. நான் கட்டிலுக்குக் கீழை பூந்திட்டன்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. அவரும் சிரிச்சவர். அறுபத்திரண்டு வயசு, எண்பத்திரண்டு கிலோ, ஆனால் ஒரு நொடியிலை பூந்திட்டன். உதவி செய்ய வந்த ஹெலி எண்டு மூளைக்கு வடிவாத் தெரியும், காலுக்குத் தெரியேல்லை. எங்கட அந்த நாளையிலை அந்தச் சத்தம் கேட்டால் மேலாலை சுட்டுக்கொண்டுதான் வருவாங்கள். உயரத்திலை இருக்கிறது ஒண்டும் மிஞ்சாது. நிலத்தோடை நிலமாப் படுக்கவேணும், சுவர் ஓரமா, கையிலை என்ன இருக்கோ அதை நெஞ்சோடை கட்டிப் பிடிச்சுக்கொண்டு. முப்பது வருஷமாச்சு. இன்னும் உடம்புக்குள்ளை இருக்குதே எண்டு எனக்கே அழுகை வந்திட்டுது அதுக்குள்ளை கிடந்து.

போனது போனன், பேந்து வெளியிலை வரேலாது. கட்டில் சட்டம் இடுப்பிலை பிடிச்சுக்கொண்டுது. 'என்னங்கோ' எண்டு கத்தினன். அவர் வந்து பாத்தால் ரெண்டு கால் மட்டும் வெளியிலை. 'ஜெகதீஸ்வரி, மூச்சை உள்ளுக்கு இழும், மூச்சை உள்ளுக்கு இழும்' எண்டு சொல்லிச் சொல்லி இழுக்கிறார். இழுக்க இழுக்கச் சிரிக்கிறார். எனக்கு வந்த கோவத்துக்கு ஒரு மணித்தியாலம் அவரோடை கதைக்கேல்லை. நான் என்னையறியாமல் ரெண்டு கையாலையும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கிடந்தனான், கையை விடும், அப்பதான் வரலாம் எண்டு அவர் சத்தம் போட, பேந்துதான் கையை விட்டனான்...

கையை விட்டனான்.

பொறுங்கோ பிள்ளை. ஒண்டும் சொல்லாதேங்கோ. நான் கையிலை என்ன பிடிச்சிருந்தனான்?

சத்தம் கேட்டோடனை... கதிரையிலை ஏறினனான். ஓம், ஏறினனான். அலுமாரிக்கு மேலை கையை விட்டு... கடவுளே. நான்தான். மேலை கிடந்தால் மிஞ்சாது எண்டு நான்தான் இறக்கினனான். வெள்ளம் வருகுது, வெள்ளம் வருகுது எண்டு தெருவெல்லாம் கத்துறாங்கள், நான் பாக்கை உயரத்திலையிருந்து எடுத்து நிலத்திலை வைச்சிருக்கிறன். என்னை மட்டும் இழுத்து எடுத்தார் மனிசன், பாக் அங்கையே கிடக்கு. இருட்டுக்குள்ளை அவருக்கு எங்கை தெரியும்? கோவத்திலை எனக்கும் மறந்து போச்சு. மூண்டு மணித்தியாலமா, நஸீறா. அதுக்கு மேலை முழங்கால் தண்ணி. நான் இஞ்சை கதிரையிலை இருந்து அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறன். பிறஷர்காரனை.

யதுஷாக்கு நான் என்ன முகத்தோடை சொல்லுவன்? இல்லை, இல்லை... உள்ளுக்கு எல்லாத்தையும் மூண்டு பொலித்தீன் சொப்பிங் பாக் போட்டுச் சுத்திக் கட்டினனான். முடிச்சுக்கு மேலை முடிச்சு. அது அந்தப் பாலத்து மழை படிப்பிச்சது. தண்ணி போயிருக்காது. போயிருக்காதுதானே? சொல்லுங்கோவன்.

எங்கை எழும்பிறியள்? ஓம், ஓம், நீங்களே போங்கோ, பாதிப் படியிலை நிண்டு சொன்னால் கேக்கும், தண்ணிக்குள்ளை இறங்காதேங்கோ. நான் வரேல்லை. என்னால ஏலாது, அவரின்ரை முகத்தைப் பாக்கேலாது. தலைமாட்டுப் பக்கம், சுவர் மூலையிலை எண்டு சொல்லுங்கோ. தூக்கேக்கை ரெண்டு கையாலையும் தூக்கச் சொல்லுங்கோ. படி வழுக்கும், கவனம்.

நஸீறா, ஒரு நிமிசம். கட்டிலுக்குக் கீழை எண்டு மட்டும் சொன்னால் காணும். அங்கை ஆர் வைச்சதெண்டு கேட்டால்... நீங்கள் இந்த வீட்டுக்குப் புதிசு, உங்களுக்கு ஒண்டும் தெரியாது, சரியே?